ஒரே தம்ளர் கோட்பாடு: சேலம், நாமக்கல் சமவெளியின் அடுப்படி முகத்தல் அளவைகள் குறித்து ஓர் ஆய்வு

தராசு இல்லாத அடுப்படியில் தண்ணீரும் எண்ணெயும் நெய்யும் எப்படி அளக்கப்படுகின்றன என்ற கேள்வி, காலை எட்டு மணிக்குள் சோறாகிவிட வேண்டிய வீடுகளில் யாருக்கும் எழுவதில்லை. யாருக்கும் எழாத கேள்விக்கு விடை தேடுவதே ஆய்வின் இலக்கணம் என்பதால், அப்பணியை இக்கட்டுரை மேற்கொள்கிறது. ஆய்வுப் பரப்பு சேலமும் நாமக்கல்லும் சேர்ந்த சமவெளி: வடக்கே ஓமலூர், தெற்கே மோகனூர், கிழக்கே ஆத்தூர், மேற்கே பள்ளிபாளையம். 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமானபோது கோப்புகள் பிரிந்தன, கரண்டிகள் பிரியவில்லை. எனவே இரண்டையும் ஒரே ஆய்வுப் பரப்பாகக் கொள்வதில் பிழை இல்லை. இங்கே நிறுவப்படும் கோட்பாடு ஒன்றே: அடுப்படியில் நீர்ப்பொருளை எண்ணைக் கொண்டு அளப்பதில்லை, அது போய்ச் சேரவேண்டிய பொருளைக் கொண்டே அளக்கிறார்கள். தண்ணீருக்கு அரிசி அளவை, எண்ணெய்க்குக் கடுகு அளவை, நெய்க்கு விருந்தாளி அளவை. இதை ஏற்றுக்கொண்டால் தராசு இல்லாதது ஒரு குறையாகவே தெரியாது.

முதற்சான்று இலக்கணத்திலிருந்து. அளவுப் பெயரும் நிறைப் பெயரும் ஒன்பது எழுத்துகளை முதலாகக் கொண்டு வரும் என்பது தொல்காப்பியத் தொகைமரபின் விதி. க, ச, த, ப, ந, ம, வ என ஏழு வரிசைகள். அவற்றோடு அகரமும் உகரமும். இதற்கு உரைகாரர்கள் காட்டும் அளவுப் பெயர்கள் கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு. இந்தப் பட்டியலைச் சற்று நிதானமாகப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும்: இவற்றில் பெரும்பாலானவை வீட்டுச் சாமான்கள். சாடியும் பானையும் அகலும் அளப்பதற்கென்று பிறந்தவை அல்ல. கைக்கு எட்டும் இடத்தில் இருந்த குற்றத்துக்காக அளவையாக்கப்பட்டவை. இன்றைய அடுப்படியில் இந்த விதி நிலைக்கிறதா என்று சோதித்தோம். கரண்டி, சொம்பு, தம்ளர், போசி, நெல்லிக்காய், மூடி, விரல், அகப்பை, உள்ளங்கை: ஒன்பதும் தேறின. புளி கரைக்கச் சொல்லும் ‘எலுமிச்சம்பழ அளவு’ எகரத்தில் தொடங்குவதால் தேறவில்லை. ‘நெல்லிக்காய் அளவு’ தேறியது. டம்ளர் என்று எழுதினால் தோற்கும், தம்ளர் என்றால் வெல்லும். லிட்டருக்கு வாய்ப்பே இல்லை. ஆழாக்கு நெடிலில் தொடங்குகிறதே என்று புலவர்கள் குறுக்கிடலாம். படியில் எட்டில் ஒரு பங்கு ஆழாக்கு. எட்டில் ஒன்றுக்குத் தமிழில் அரைக்கால் என்று பெயர். ‘அரைக்கால் படி’ என்று அழைத்துவிட்டால் அதுவும் அகரத்தின் கீழ் அடங்கிவிடும்.

இந்த ஒன்பதிலும் தலைமை தம்ளருக்கே. கஞ்சமலை அடிவாரத்துச் சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கியபின், எவர்சில்வருக்கு ஊர்ப்பெயரையே முத்திரையாகக் கொடுத்த மண் இது. ஆனாலும் இங்கே ஒரு வீட்டின் தம்ளர் அடுத்த வீட்டின் தம்ளரோடு ஒத்துப்போகாது. ஒன்று கல்யாணச் சீர், ஒன்று காதுகுத்துக்கு வந்தது, ஒன்று பெயர் வெட்டி மொய்யோடு திரும்பியது. ஆயினும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தம்ளர் மட்டும் அரிசி டப்பாவுக்குள்ளேயே குடியிருக்கும். அதில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. காப்பி ஊற்றிக் கொடுத்தால் வீட்டில் பேச்சு வரும். அரிசிம்பருப்புஞ்சாதத்துக்கு அதே தம்ளரால் அரிசி ஒன்று, பருப்பு கால், தண்ணீர் மூன்று. அது எத்தனை மில்லி கொள்ளும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் சாதத்துக்கு ஒன்றும் ஆகாது. 150 மில்லி என்றால் தண்ணீர் 450. 200 என்றால் 600. இரண்டிலும் சாதம் ஒரே பதம். எந்தத் தம்ளரால் அரிசியை அளந்தார்களோ அதே தம்ளரால் தண்ணீரையும் அளக்கும்வரை தம்ளரின் கொள்ளளவு தானாகவே கழிந்துபோகிறது. இதையே இக்கட்டுரை ஒரே தம்ளர் கோட்பாடு என்று அழைக்கிறது.

கணிதம் தெரிந்தவர்கள் இங்கேயே கை தூக்குவார்கள். ஒன்றுக்கு மூன்று என்பது உண்மையானால் பத்துத் தம்ளர் அரிசிக்கு முப்பது ஊற்ற வேண்டும். அப்படி ஊற்றினால் கிடைப்பது சாதமல்ல, கூழ். தடை நியாயமானது, ஆனால் கோட்பாட்டை அது வீழ்த்தவில்லை. ஊற்றும் தண்ணீருக்கு இரண்டு செலவு உண்டு. அரிசி குடிப்பது அரிசியின் அளவைப் பொறுத்தது. ஆவியாய்ப் போவது பாத்திரத்தின் வாயையும் அடுப்பில் இருக்கும் நேரத்தையும் பொறுத்தது. ஊற்றிய மூன்றில் அரிசி இரண்டைக் குடித்து, ஒன்று ஆவியாகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அதே வடிவத்தில் பத்து மடங்கு கொள்ளும் அண்டாவின் வாய்ப்பரப்பு பத்து மடங்காவதில்லை, நாலரை மடங்கைச் சற்றே தாண்டுகிறது. ஆகவே வேண்டியது இருபதும் நாலரையும் சேர்ந்து ஏறத்தாழ இருபத்தைந்து தம்ளர்தான். இந்தக் கணக்கைக் கல்யாணச் சமையல்காரர் போடுவதில்லை. அரிசிக்கு மேல் எத்தனை விரற்கணுத் தண்ணீர் நிற்கிறது என்று கையை விட்டுப் பார்க்கிறார். அரிசி எவ்வளவு உயர்ந்தாலும் அதன்மேல் நிற்கும் கணு கூடுவதில்லை. வாய்க்குரிய பங்கை விரல் தனியே கவனித்துக்கொள்கிறது. உறிஞ்சுவதற்குத் தம்ளர், ஆவியாவதற்கு விரல் என்ற இந்த வேலைப் பிரிவினை எந்தப் பாடநூலிலும் இல்லை. சோற்றை வடித்தே சாப்பிட்ட காலத்தில் இரண்டுமே தேவைப்படவில்லை. மிஞ்சிய தண்ணீர் கஞ்சியாய் வெளியேறிவிடும். அளவு தப்பியவருக்கும் பழி வராது. குக்கர் வந்து மூடியை இறுக்கிய பிறகுதான் தண்ணீர் கணக்குக் கேட்கத் தொடங்கியது.

அடுத்து எண்ணெய். தராசுக் கட்சியார் தம் வலுவான வாதத்தை இங்கே வைக்கிறார்கள்: முகந்தால் ஏமாறலாம், நிறுத்தால் ஏமாற முடியாது. உண்மையில் ஏமாற்றத்தின் ஊற்றே நிறையும் கொள்ளளவும் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ; ஒரு லிட்டர் கடலெண்ணெய் சுமார் 910 கிராம்; பால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல்; தேன் ஏறத்தாழ 1,400 கிராம். கடையில் 15 கிலோ டின் என்றும் 15 லிட்டர் டின் என்றும் இரண்டு எண்ணெய் டின்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது இரண்டுக்கும் இடையே ஒன்றே கால் கிலோவுக்கு மேல் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. இதோடு வெப்பமும் சேர்ந்துகொள்ளும். சூடானால் எண்ணெய் விரியும், எடை மாறாமல் இடம் மட்டும் கூடும். எண்ணெய்ப் பொட்டலத்தில் வெப்பநிலையைக் குறித்து அளவு போடும் வழக்கத்தை நிறுத்தி, வெப்பநிலை இல்லாமல் கொள்ளளவையும் உடன் எடையையும் அச்சிடுமாறு 2022 ஆகஸ்டில் ஒன்றிய அரசு நிறுவனங்களுக்குச் சொல்ல நேர்ந்தது. ஒரு நாட்டின் அரசே தலையிட வேண்டிவந்த இந்தச் சிக்கல், தாளிப்பவரை ஒருநாளும் தொட்டதில்லை. கடுகு முங்குகிறதா என்பதே அவருடைய அளவை. சித்திரையில் சேலத்தில் வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டாலும், மார்கழியில் விடியல் குளிர்ந்தாலும் கடுகின் உயரம் மாறுவதில்லை.

எண்ணெய்க்கு உரிய மற்றோர் அளவை ‘சுத்து’. “தோசை ஓரத்துல ஒரு சுத்து விடு கண்ணு” என்று மாமியார் சொன்னால் அதில் மில்லி இல்லை என்று எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. சுத்து என்பது தோசையின் சுற்றளவை எண்ணெய் விழும் வேகத்தோடு பிணைத்த கூட்டளவை. தோசை பெரிதானால் சுத்தும் பெரிதாகும். சிறியவனுக்கு வார்த்த குட்டித் தோசைக்குத் தானே சுருங்கும். எந்தக் கரண்டிக்கு இந்த அறிவு உண்டு? வடைக்கு ஆழமே அளவை. நாமக்கல் ஆஞ்சநேயரின் பதினெட்டடித் திருமேனிக்கு அனுமன் ஜெயந்தியன்று சாத்தும் 1,00,008 வடை மாலைக்கும், வீட்டில் சுடும் எட்டு வடைக்கும் வடச்சட்டியின் விதி ஒன்றே: வடை அடியில் உட்காரக் கூடாது, மிதக்க வேண்டும். நெய்க்கோ அளவைகள் இரண்டே. பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தால் ‘தாராளமா’, மற்ற நாளில் ‘கண்ணுல காட்டுனாப் போதும்’. பின்னதன் மதிப்பு பூச்சியமல்ல, பூச்சியத்துக்கு மிக அருகில் இருக்கும் ஒன்று. நுண்கணிதம் படித்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

வீட்டுக்கு வீடு தம்ளர் வேறென்றால் ஒரு வீட்டுப் பக்குவம் இன்னொரு வீட்டுக்கு எப்படிப் போகும் என்பது அடுத்த தடை. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் படியே வேறாக இருந்தது. பட்டணம் படி என்று பெரியதொன்று தனியே புழங்கியது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1956-ல் எடை அளவைத் தரச் சட்டம் வந்து, படியும் வீசையும் கடையைவிட்டு இறங்கி, லிட்டரும் கிலோவும் ஏறின. ஆனால் அந்தச் சட்டமும், பின்னாளில் வந்த 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில்தான் நிற்கின்றன. இருவரும் ஒருவரையொருவர் நம்பாதவர்கள், அவர்களுக்குப் பொது எண் வேண்டும். முத்திரை இல்லாத தம்ளருக்காக எந்த ஆய்வாளரும் அடுப்படிக்குள் நுழைவதில்லை, ஏனெனில் அங்கே அளப்பவரும் ஊற்றுபவரும் திட்டு வாங்குபவரும் ஒருவரே. பக்குவம் வீடு விட்டு வீடு போகும்போது கொள்ளளவு போவதில்லை. ஒன்றுக்கு மூன்று என்ற உறவு மட்டும் போகிறது. போன இடத்துத் தம்ளரில் அது அப்படியே உட்கார்ந்துகொள்கிறது.

கேக்குக்கு என்ன சொல்கிறீர்கள், அங்கே கிராம் தப்பினால் கல்லாகுமே என்பது நவீனர் தடை. கேக்கும் விகிதத்துக்குக் கட்டுப்பட்டதுதான். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் முட்டையும் சம எடையில் சேரும் பழைய ஆங்கிலேயர் கேக்குக்கு ‘பவுண்டு’ என்ற எடையின் பெயரே உண்டு. ஆனால் நான்கையும் கால் பவுண்டாகக் குறைத்தாலும் அது கேக்தான். முட்டையைத் தராசில் ஏற்றுவதில் உள்ள அபத்தம் நாமக்கல்லுக்கு நன்றாகவே தெரியும். தன் அளவைத் தானே ஓட்டுக்குள் அடைத்துக்கொண்டு வரும் நீர்ப்பொருள் முட்டை. அதனால்தான் நிறுத்தலையும் முகத்தலையும் விட்டுவிட்டு எண்ணல் அளவையில், ஒன்று இரண்டு என்று விற்கிறது. ஆம்லெட்டுக்கு எத்தனை மில்லி முட்டை என்று எந்தக் கடையிலும் யாரும் கேட்டதில்லை. சிங்கிளா டபுளா என்பதோடு கேள்வி முடிகிறது.

கடைசித் தடை உண்மையில் கூர்மையானது. அடுப்படியிலேயே ஒரு நீர்ப்பொருள் கிலோ கணக்கில்தானே வருகிறது? ஆம், சிலிண்டருக்குள் இருப்பது நீராய் அமுக்கப்பட்ட வாயு, அதன் நிகர எடை 14.2 கிலோ. அதைத் தெற்கெங்கும் சுமந்து செல்லும் டேங்கர் லாரிகளுக்கு நாமக்கல்லே தலைநகரம். எடைமேடையில் ஏறி இறங்காமல் அவை நகர்வதில்லை. தராசின் முழு ஆட்சி நடக்கும் இடம் இதுவே என்று எதிர்த்தரப்பு நிம்மதி அடையலாம். ஆனால் அந்தச் சிலிண்டர் வீட்டுக்குள் நுழைந்த மறுகணம் என்ன ஆகிறது? இன்னும் எத்தனை நாள் வரும் என்பதை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. ஒருவர் தூக்கி ஆட்டிப் பார்க்கிறார். இன்னொருவர் ஈரத்துணியால் மேலிருந்து கீழே துடைக்கிறார்: வாயு மட்டும் உள்ள மேல்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும், நீர்ப்பொருள் நிற்கும் பகுதி குளிர்ந்திருப்பதால் ஈரம் தங்கும், இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு விழும். அந்தக் கோடுதான் மட்டம். அதையும் லிட்டராகப் படிப்பதில்லை; “பொங்கல் வரைக்கும் தாங்கும்” என்று படிக்கிறார்கள். எடைமேடையிலிருந்து இறங்கிய நீர்ப்பொருளும் அடுப்படிக்குள் வந்ததும் எண்ணைக் கழற்றிவிட்டு, தான் போய்ச் சேரவேண்டிய நாளோடு உறவு வைத்துக்கொள்கிறது.

இந்தக் கோட்பாட்டுக்கு எல்லை இல்லாமல் இல்லை. அரிசி டப்பாத் தம்ளரைத் தொலைத்த வீட்டில் அது ஒரு வாரத்துக்குச் செல்லாது. புதுத் தம்ளரின் நெளிவு சுளிவு கைக்குப் பழகும்வரை சாதம் ஒருநாள் குழையும், ஒருநாள் விதையாய் நிற்கும். கருவியை நேர்செய்யும் காலம் என்று ஆய்வுக்கூடங்களில் இதற்குப் பெயர். சமைப்பவரும் பாத்திரமும் வெவ்வேறு ஊர்களில் இருந்தால், அதாவது பக்குவத்தை அச்சில் ஏற்றி முகம் தெரியாத ஒருவருக்கு அனுப்பினால், கிராம் தேவைப்படும் என்பதையும் மறுக்க முடியாது. ஆயினும் இப்போது வீடுகளுக்கு வந்துசேரும் டிஜிட்டல் தராசைச் சற்றே உற்றுநோக்குங்கள். அதில் ‘டேர்’ என்று ஒரு பொத்தான் உண்டு. தம்ளரை மேலே வைத்து அதை அழுத்தினால் தம்ளர் இருந்த சுவடே இல்லாமல் திரையில் சுழியம் வரும். பிறகு ஊற்றுவதுதான் எண்ணாகும். அந்தக் கருவி தம்ளரைக் கழித்து எண்ணை வைத்துக்கொள்கிறது. இந்தச் சமவெளி எண்ணைக் கழித்துத் தம்ளரை வைத்துக்கொண்டது. எது மேல் என்று தீர்ப்பதற்கு இரண்டு வீட்டிலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து பார்ப்பதே முறையான ஆய்வுநெறி.