கேட்லாக்கைக் கேளுங்கள்!

கைபேசியில் படம் பிடித்துக் காட்டினாலே எந்த நாட்டுத் தபால்தலை, எந்த வருடம் என்று சொல்லிவிடுகிறது. இன்னும் எதற்கு கேட்லாக் என்ற அந்தத் தலையணைப் புத்தகம்?
*பள்ளி மாணவர், விருதுநகர்*

கைபேசி முகத்தைத்தான் பார்க்கிறது தம்பி, முதுகைப் பார்ப்பதில்லை. நயா பைசா வந்தபோது, 1957 ஏப்ரல் 1-ல், இந்திய வரைபடம் போட்ட வரிசை ஒன்று வெளிவந்தது. முதலில் அச்சான தாளுக்குள் நட்சத்திரக் குறி, அதாவது நட்சத்திர வாட்டர்மார்க், இருந்தது. 1958 முதல் அதே படம், அதே வரிசை, அசோகர் தூணின் சிங்கத் தலைப்பு வாட்டர்மார்க் உள்ள தாளில் அச்சாகத் தொடங்கியது. மேலே பார்த்தால் இரண்டும் ஒன்று. கேட்லாக்கில் இரண்டுக்கும் தனித்தனி எண், தனித்தனி விலை.

ஒரு கறுப்புத் தாளின் மேல் தபால்தலையைக் குப்புறப் போட்டுப் பார். பல சமயம் அதுவே போதும், குறி தெரிந்துவிடும். அப்படிப் பார்க்க வேண்டும் என்று உனக்குச் சொல்லப்போவது அந்தத் தலையணைப் புத்தகம்தான்.

ஆல்பத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் ஸ்டான்லி கிப்பன்ஸ் விலையைக் கூட்டிப் பார்த்தேன். லட்சத்தைத் தாண்டுகிறது. விற்றுவிடலாமா?
*ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்*

கூட்டல் சரியாகத்தான் இருக்கும், கூட்டிய விலைதான் வேறு. ஸ்டான்லி கிப்பன்ஸ் ஒரு தபால்தலைக் கடை. 1865-ல் அவர்கள் முதலில் அச்சிட்டது தங்கள் கடையின் விலைப் பட்டியல். இன்றும் அந்தப் புத்தகத்தில் இருப்பது, நல்ல நிலையில் உள்ள ஒரு தபால்தலையை அவர்கள் என்ன விலைக்கு விற்பார்கள் என்பதுதான். உங்களிடமிருந்து வாங்கும் விலை அதில் இல்லை. அமெரிக்காவின் ஸ்காட் கேட்லாக் கடை நடத்துவதில்லை என்றாலும், அது தருவதும் சில்லறை விற்பனை மதிப்பே.

இன்னொன்று முக்கியம். பக்கம் பக்கமாக வரும் அந்த ஆகக் குறைந்த விலை இருக்கிறதே, அது தபால்தலையின் மதிப்பே அல்ல. கடைக்காரர் அதைத் தேடி எடுத்து, சரிபார்த்து, உறையில் போட்டுத் தருவதற்கான கூலி. ஆயிரம் சாதாரணத் தபால்தலைகளுக்கு அதைக் கூட்டினால், யாரும் செய்யாத ஆயிரம் வேலைக்குக் கூலி கணக்கிட்டதாக ஆகும். பல் உதிர்ந்தது, தாள் மெலிந்தது, முகத்தில் முத்திரை கறுப்பாக அப்பியது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். மீதியில் விலை கூடியவற்றை மட்டும் தனியே எழுதுங்கள். எது எதைவிட அரிது என்பதைக் கேட்லாக் நன்றாகவே சொல்லும். அதற்காக அதை நம்பலாம்.

விலைகளில் இடது பத்தி பயன்படுத்தாத தபால்தலைக்கு, வலது பத்தி பயன்படுத்தியதற்கு. இதையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

விலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருக்கிறார்களே, அச்சுப் பிழையா?
*வாசகி, ஈரோடு*

இல்லை. கோடு இருந்தால், அது உண்டு அல்லது இருக்கக்கூடும், ஆனால் விலை சொல்லும் அளவுக்குச் சந்தைக்கு வருவதில்லை என்று பொருள். சிறு குத்துவாள் போன்ற குறி இருந்தால் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. குத்துவாள் போட்ட இடத்துக்கு உரியதை யாராவது உங்களிடம் விற்க வந்தால், பணப்பையை மூடிக்கொள்ளுங்கள்.

1948 காந்தி தபால்தலைகளுக்கு ஒரு புத்தகம் 305 முதல் 308 என்கிறது, இன்னொன்று 203 முதல் 206 என்கிறது. எது சரி?
*கல்லூரி மாணவி, திருநெல்வேலி*

இரண்டும் சரி. முதலாவது கிப்பன்ஸ் எண், இரண்டாவது ஸ்காட் எண். அரசாங்கம் தபால்தலைகளுக்கு இந்த எண்களைத் தருவதில்லை. பதிப்பாளர்கள் அவரவர் முறைப்படி எண்ணுகிறார்கள்.

அந்த முறையைப் பிடித்துக்கொண்டால் தேடுவது சுலபம். அதே 1948-ல் ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் முதல் லண்டன் பயணத்துக்காக 12 அணா தபால்தலை ஒன்று வந்தது. கிப்பன்ஸ் அதைப் பொது வரிசையிலேயே காந்திக்கு முன்னால் 304 என்று வைத்தது. ஸ்காட் விமானத் தபாலுக்குத் தனி வரிசை வைத்திருப்பதால், அங்கே அது சி7 ஆகிவிட்டது. ஸ்காட்டில் ஒன்று அகப்படவில்லை என்றால் அந்த நாட்டின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். அரசுப் பணித் தபால்தலைகள் இரண்டு புத்தகங்களிலும் நாட்டின் கடைசியில்தான் இருக்கும்.

படத்துக்குக் கீழே உள்ள எண்ணைக் கேட்லாக் எண் என்று எழுதிவிடாதீர்கள். அது படத்தின் எண். கேட்லாக் எண் வரியின் இடது ஓரத்தில் இருக்கும்.

‘சர்வீஸ்’ என்று மேலே அச்சிட்ட 10 ரூபாய் காந்தி, குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கட்டுமா?
*வாசகர், கோவை*

வேண்டாம். கவர்னர் ஜெனரலின் அலுவலகத்துக்காக நூறே நூறு மட்டும் அப்படி அச்சிட்டதாகச் சொல்லப்படுகிறது. நான்கு சேர்ந்த ஒரு தொகுதி 2017-ல் 5 லட்சம் பவுண்டுக்கு விலை போனது. சாதாரணக் காந்தி தபால்தலையின் மேல் ஒரு சொல்லை அச்சிடுவது மோசடிக்காரனுக்குப் பெரிய வேலை இல்லை. நிபுணர் சான்றிதழ் இல்லாமல் தொடாதீர்கள்.

கேட்லாக்கின் முன்னுரையைப் படிக்க வேண்டுமா?
*வாசகர், சேலம்*

முதலில் அதைத்தான் படிக்க வேண்டும். ‘பெர்ஃபரேஷன் 14½ × 14’ என்றால் என்ன? 2 சென்டிமீட்டருக்குள் எத்தனை துளை என்ற கணக்கு. முதல் எண் மேல், கீழ் ஓரங்களுக்கு, அடுத்தது பக்க ஓரங்களுக்கு. 1866-ல் பாரிஸ் மருத்துவர் லெக்ராண்ட் வகுத்த அளவுமுறை இன்றும் மாறவில்லை. முன்னுரையைத் தாண்டிக் குதித்தவருக்கு உள்ளே பாதி வரி புரியாது.

தாத்தா பெட்டியில் விக்டோரியா ராணியின் சிவப்பு ஒரு பென்னி கிடைத்தது. கோடி ரூபாய் பெறுமாமே?
*வாசகி, நாகர்கோவில்*

நான்கு மூலைகளிலும் எழுத்து இருந்தால், லென்ஸ் வைத்து இரு பக்க ஓரங்களின் கோலத்துக்குள் பாருங்கள். அச்சுத்தகட்டின் எண் பொடியாகத் தெரியும். 1864 முதல் வந்த அந்த வகையில் 71 தொடங்கி 225 வரை எண்கள் உண்டு, இடையில் சில வரவில்லை. கோடிக்கணக்கில் அச்சான தபால்தலை அது. பெரும்பாலான எண்கள் சாதாரண விலைதான். 77-தான் பெரிய விதிவிலக்கு, உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருக்கிறது. 177-ன் முதல் இலக்கம் முத்திரையில் மறைந்து 77 ஆகத் தோன்றும், கவனம். கேட்லாக்கில் ஒவ்வொரு தகட்டுக்கும் தனி விலை போட்டிருப்பார்கள். உங்கள் எண் எதுவானாலும், தாத்தா வைத்திருந்ததை நீங்களும் வைத்திருங்கள்.

உலகின் முதல் கேட்லாக் எது?
*வாசகர், காரைக்குடி*

1861-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஆஸ்கர் பெர்ஜே-லெவ்ரோ ஒரு பட்டியல் அச்சிட்டார். அதே ஆண்டின் இறுதியில் பாரிஸில் அல்ஃப்ரெட் போட்டிகே புத்தகமாகவே போட்டார். முதல் தபால்தலை வந்தது 1840-ல். இருபத்தொரு வருடத்தில் பட்டியல் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்துவிட்டது.

எந்தக் கேட்லாக் வாங்குவது? புதுப் பதிப்புகளின் விலை தலை சுற்றுகிறது.
*வாசகர், புதுச்சேரி*

நீங்கள் எதைச் சேர்க்கிறீர்கள்? இந்தியா, இலங்கை, மலாயா என்றால் கிப்பன்ஸ். உங்கள் ஊரின் பிரெஞ்சிந்தியத் தபால்தலைகளுக்கு அமியான் நகரத்து இவேர் எ தெலியே. ஜெர்மனி என்றால் மிஷெல், நுணுக்கத்தில் அதற்கு நிகரில்லை. அமெரிக்காவுக்கு ஸ்காட். உலக நாடுகள் அனைத்தையும் அடக்கும் சுருக்கப் பதிப்பில் வாட்டர்மார்க்கும் பெர்ஃபரேஷனும் இருக்காது. படம் பார்த்து நாட்டையும் வருடத்தையும் கண்டுபிடிக்க மட்டும் அது உதவும்.

புதிதே வேண்டும் என்பதில்லை. பத்து வருடப் பழைய பதிப்பில் விலைதான் பழசாகியிருக்கும். விக்டோரியா காலத்து வாட்டர்மார்க் இனிமேல் மாறப்போவதில்லை, எண்களும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பழைய புத்தகக் கடையில் ஒன்று வாங்குங்கள். விலை தெரிந்தே ஆக வேண்டிய நாளில், சங்கத்து நண்பரின் புதுப் பிரதியைப் புரட்டிக்கொள்ளலாம்.

கேட்லாக்கில் பென்சிலால் குறிக்கலாமா?
*இல்லத்தரசி, மதுரை*

தாராளமாக. இருப்பதற்கு ஒரு குறி, நிலை சரியில்லாததற்கு ஒரு குறி, தேடுவதற்கு ஒரு குறி. தனி நோட்டுப் புத்தகமே வேண்டாம். தபால்தலையின் பின்புறத்தில் மட்டும் எண் எழுதிவிடாதீர்கள். அடுத்து அதை வைத்திருக்கப்போகிறவருக்காகக் கேட்கிறேன்.