நூலகச் சுவருக்குப் படம் பிடிப்பது எப்படி?

தேசிய நூலக வாரம் நவம்பர் 14-இல் தொடங்கும். உங்களுக்கு அது 13-ஆம் தேதி மாலைதான் தெரியவரும். பள்ளி நூலகப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருப்பதால் சில யோசனைகள்.

முதலில் கூகுளில் தேடி, முதலில் வரும் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் குறுக்கே ஏதோ நிறுவனத்தின் பெயர் சாய்வாக ஓடுகிறதா? அதன்மேல் ஒரு சம்கிப் பூவை ஒட்டுங்கள். கீழே 'நன்றி: கூகுள்' என்று எழுதிவிட்டால் கடமை தீர்ந்தது. வரைந்தவர் யாரென்று கேட்கும் ஆசிரியரை அடுத்த ஆண்டுப் பொறுப்பாளராக முன்மொழியுங்கள்.

அடுத்து திருவள்ளுவர். ஈராயிரம் ஆண்டுப் பழையவர், எந்த உரிமையும் மிச்சமிருக்காது என்று தைரியமாக ஒட்டலாம். குறளுக்கு அது சரி. ஆனால் நமக்குத் தெரிந்த அந்த முகம் ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்தது; சட்டமன்றத்தில் 1964-இல் திறந்துவைத்தார்கள். இந்தியச் சட்டப்படி வரைந்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகளுக்கு ஓவியத்தின் பதிப்புரிமை நீடிக்கும். வள்ளுவரை விட்டுவிட்டு ஓவியரின் காலத்தைக் கணக்கிட வேண்டும். 13-ஆம் தேதி மாலையில் அதற்கெல்லாம் ஏது நேரம்!

பாரதியின் எழுத்து 1949-இலேயே அரசின் கைக்கு வந்து, பிறகு எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. எந்த வரியையும் எழுதிவைக்கலாம். அவ்வளவு சுலபமாக இருந்தால் மதிப்பிருக்காது. ஆகவே அவர் சொல்லாத பொன்மொழி ஒன்றை வாட்ஸ்அப்பில் தேடி அவர் பெயரில் எழுதுங்கள்.

சில இடங்களுக்குத் தப்பித்தவறியும் போய்விடாதீர்கள். விக்கிமீடியா காமன்ஸில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே யார் எடுத்தது, என்ன நிபந்தனை என்று எழுதியிருக்கும், படிக்க வேண்டிவரும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் படங்களோடு கிடைக்கும். எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டால் போதும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல், உரிமைக் காலம் முடிந்த கலைப்பொருள்களின் படங்களை இலவசமாகத் தருகிறது. சோழர் காலத்துச் செப்புப் பார்வதியும் அதில் உண்டு. நம் ஊர் அம்மனை அமெரிக்காவிலிருந்து இறக்கித்தான் சுவரில் ஒட்டவேண்டும் என்பது வேறு விஷயம்.

எதற்கும் நேரமில்லையென்றால் ஆறாம் வகுப்பில் சார்ட்டும் கலர் பென்சிலும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். அந்தப் படங்களுக்கும் பதிப்புரிமை உண்டு. அது வரைந்த பிள்ளைக்கே சொந்தம். பெயரும் வகுப்பும் எழுதாமல் ஒட்டிவிடாதீர்கள்.