மரத்துக்கு மட்டும் பட்டா

கம்போடியாவின் அங்கோர் கோயில்களைத் தனி கைடு அமர்த்திச் சுற்றிப் பார்ப்பவருக்குக் கிடைக்கும் முதல் சலுகை, அங்கே குடியிருக்கும் மனிதர்களின் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்பதுதான். ஏசி வேன், ஐஸில் வைத்த துண்டு, தண்ணீர் பாட்டில், ஆங்கிலம் பேசும் கைடு, கூட்டம் வருமுன் நுழைந்து கூட்டம் வந்ததும் நழுவிவிட ஒரு நேர அட்டவணை. உங்களுக்கே உங்களுக்கான அங்கோர் என்கிறார்கள். 400 சதுர கிலோமீட்டர் நிலத்தை, அதிலுள்ள நூற்றுச் சொச்சம் கிராமங்களோடு சேர்த்து, ஒரு பகலுக்கு நம் பேரில் எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

விடியுமுன் எழுப்பிவிடுவார்கள். டிக்கெட் கவுன்டரில் தூக்கக் கலக்கத்து முகத்தைப் படம் பிடித்து அட்டையில் அச்சடித்துத் தருவார்கள். ஒரு நாளுக்கு 37 டாலர். 2017 பிப்ரவரிக்கு முன்பு 20 டாலராக இருந்தது. இந்த 37இல் 2 டாலர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது என்பதைக் கைடு மறக்காமல் சொல்வார். நமக்கும் காலங்காத்தால புண்ணியம் சேர்ந்த திருப்தி. பிறகு, இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டில் விஷ்ணுவுக்குக் கட்டிய அங்கோர் வாட்டின் முன்னால், இடது பக்கக் குளக்கரைக்கு இருட்டில் அழைத்துப் போவார். யாருக்கும் தெரியாத இடம் என்று வேனில் குரலைத் தாழ்த்திச் சொல்லியிருப்பார். அங்கே ஏற்கெனவே சில நூறு பேர் நிற்பார்கள். பாதிப் பேர் நம்மைப் போலவே தனி டூர். அவர்களுக்கும் அவரவர் கைடு குரலைத் தாழ்த்தித்தான் சொல்லியிருப்பார். கோபுரங்களும் அவற்றின் நிழலும் ஒரே படத்தில் விழ வேண்டுமானால் முன்வரிசை வேண்டும், முன்வரிசைக்கு முழங்கை வேண்டும். தர்ம தரிசன வரிசையில் பழகிய நம்மாட்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை.

வெளிச்சம் வந்ததும் சுற்றுப் பிராகாரம். கீழ்ப்பக்கச் சுவரில் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைகிறார்கள். ஒரு பக்கம் 92 அசுரர், மறுபக்கம் 88 தேவர், நடுவில் விஷ்ணு. கைடு குடை நுனியை நீட்டி நீட்டி விளக்குவார். நமக்குத் தெரியாத கதையா? இழுத்தது இரண்டு பக்கமும், அமிர்தம் ஒரு பக்கத்துக்கு. அசுரர்களில் பாதிப் பேரின் முகத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கும் பாடு தெரிகிறது. செதுக்கியவனுக்கு அவர்கள் மேல் ஏதோ ஒரு பரிவு இருந்திருக்க வேண்டும். நாம் பார்த்த கதைதானே என்று அடுத்த சுவருக்கு நகர்ந்துவிடுகிறோம். கொஞ்சம் நின்றிருக்கலாம். அந்தப் பங்கீடு அங்கே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அது தெரிய பாயோனுக்குப் போக வேண்டும். ஏழாம் ஜெயவர்மன் கட்டிய அந்தக் கோயிலில் எல்லோரும் ஓடுவது மேல்தளத்துக் கல்முகங்களைப் பார்க்க. மூக்கோடு மூக்கு வைத்துப் படம் எடுக்க அங்கே ஒரு குறிப்பிட்ட இடமே உண்டு. கீழே, வெளிச்சுற்றுச் சுவரில், ராஜாவுக்குச் சம்பந்தமில்லாத ஜனங்கள் இருக்கிறார்கள். சேவல் சண்டைக்குப் பந்தயம் கட்டுகிறார்கள், அடுப்பு மூட்டுகிறார்கள், பெண்கள் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறார்கள். 1296இல் சீனத் தூதுக் குழுவோடு வந்து ஏறக்குறைய ஒரு வருடம் தங்கிய சௌ தாகுவான் இதைக் கண்ணால் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். இந்த ஊரில் வியாபாரம் பெண்கள் கையில். கடை என்று கட்டடம் கிடையாது. தரையில் பாயை விரித்து உட்கார்ந்தால் அதுதான் கடை. ஒவ்வொருத்திக்கும் அவளவளுக்கான இடம் உண்டு. அந்த இடத்துக்கு அதிகாரிகளுக்குக் காசு கட்ட வேண்டும் என்றும் கேள்விப்பட்டாராம். அதிகாரி அப்போதும் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். ஆனால் பாயைச் சுருட்டச் சொன்னதாக சௌ தாகுவான் எழுதவில்லை.

சுருட்டச் சொன்னது நம் காலத்தில். 2022இலிருந்து அங்கோர் எல்லைக்குள் இருந்த சுமார் 10,000 குடும்பங்களை, 25 கிலோமீட்டர் தள்ளி ரன் தா எக் என்ற இடத்துக்கும், அதைப் போன்ற இன்னொரு இடத்துக்கும் கொண்டுபோகும் வேலையைக் கம்போடிய அரசு வேகமாக நடத்தியது. கோயில் வாசலில் நூடுல்ஸ் விற்றவர்கள், இளநீர் வெட்டியவர்கள், நினைவுப் பொருள் கடை வைத்திருந்தவர்கள், வயல்காரர்கள். கொடுத்தது என்ன தெரியுமா? 20 மீட்டருக்கு 30 மீட்டர் வெறும் மனை. கூரைக்கு 30 தகரம். 350 டாலர் ரொக்கம். ஒரு தார்ப்பாய், ஒரு கொசுவலை, இரண்டு மாதத்துக்கு அரிசி, டப்பா மீன் வகையறா. வீட்டை நீயே கட்டிக்கொள். அதாவது பத்துப் பேர் ஒரு நாள் அங்கோர் பார்க்கும் டிக்கெட் காசுகூட ஒரு குடும்பத்தின் கைக்கு ரொக்கமாக வரவில்லை; 20 டாலர் குறைகிறது. அமிர்தப் பங்கீட்டில் அகப்பைக்காரி நின்றது எந்தப் பக்கம் என்பது இப்போது விளங்கும்.

2023 நவம்பரில் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் இதை விசாரித்து அறிக்கை வெளியிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் பேசியிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த இடம், போக விருப்பமில்லை, போகாவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில் போனோம், போன இடத்தில் கடன் வாங்கி வீடு கட்டுகிறோம் என்று சொன்னவர்கள் அவர்கள். அரசு ஒரே வார்த்தையில் முடித்தது. எல்லோரும் விருப்பப்பட்டுத்தான் போனார்கள். 112 பாரம்பரியக் கிராமங்களில் கை வைக்கவில்லை, ஆக்கிரமிப்பாளர்களைத்தான் அகற்றினோம் என்றது. இடித்தவன் இடிபட்டவனுக்கு வைக்கும் பெயர் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அன்றைய பிரதமர் ஹுன் சென், இவர்கள் போகாவிட்டால் யுனெஸ்கோ பட்டியலிலிருந்து அங்கோர் நீக்கப்பட்டுவிடும் என்று மேடையில் பயமுறுத்தினார். யுனெஸ்கோவோ, நாங்கள் யாரையும் வெளியேற்றச் சொல்லவில்லையே என்று கையை விரித்தது. ஒருவர் பேரைச் சொல்லி ஒருவர் இடிப்பார், அந்த ஒருவர் எனக்குத் தெரியாது என்பார். இதே யுனெஸ்கோ தன் அங்கோர் குறிப்பில் என்ன எழுதி வைத்திருக்கிறது? இந்த வளாகத்துக்குள் மக்கள் வாழும் கிராமங்கள் உள்ளன, சிலவற்றின் முன்னோர் அங்கோர் காலத்தவர்கள் என்று பெருமையாக எழுதி வைத்திருக்கிறது. குறிப்பில் இருந்தால் பெருமை, குடிசையில் இருந்தால் தொல்லை.

மதியம் தா ப்ரோம். இலவமர வகையும் அத்தி வகையும் கோபுரத்தின் தலையில் ஏறி உட்கார்ந்து, வேரைச் சுவர் மேல் வழியவிட்டிருக்கும் கோயில். ஹாலிவுட்காரர்கள் 'டூம் ரெய்டர்' படம் பிடித்த இடம் என்று கைடு முதலில் அதைத்தான் சொல்வார். நாமும் முதலில் அதைத்தான் கேட்போம். அந்தக் கோயிலின் கல்வெட்டு வேறொரு கணக்கைச் சொல்கிறது. உள்ளே இருந்தவர்கள் 12,640 பேர், அவர்களில் ஆடுமகளிர் 615 பேர், அவர்களையும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கோயிலுக்கு உழைத்துக் கொட்டியவர்களையும் சேர்த்து மொத்தம் 79,365 பேர். எண்களைக் கேட்டு ஆஹா என்கிறோம். 79,365 பேர் செத்து எண்ணூறு வருடம் ஆகிவிட்டதால் ஆஹா. ஒருவேளை அவர்களில் ஒருத்தியின் வழிவந்தவள் வாசலில் வாழைப்பழம் விற்றால், கைடு நம்மை அவளிடமிருந்து காப்பாற்றி வேனில் ஏற்ற வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறோம்.

அந்த மரங்களைப் பற்றி இன்னும் ஒன்று. மற்ற கோயில்களில் காட்டை வெட்டித் தள்ளிய பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள், தா ப்ரோமை மட்டும் பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று அப்படியே விட்டுவைத்தார்கள். மரம் சுவரைப் பிளக்கிறது, கூரையைச் சரிக்கிறது. தாங்குகால் கொடுத்து, கம்பி கட்டி, மரத்தையும் காப்பாற்றிக் கோயிலையும் காப்பாற்ற அறிஞர் குழு வேலை செய்கிறது. நம் இந்தியத் தொல்லியல் துறையும் அதில் உண்டு. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. கோயில் தலையில் ஏறி அதைப் பிளந்த மரத்துக்கு அங்கே பட்டா உண்டு; வாசலுக்கு வெளியே தார்ப்பாய் கட்டியவள் ஆக்கிரமிப்பு.

தொலைந்துபோன நகரம் என்ற வியாபாரத்துக்கு ஆள் நடமாட்டம் ஆகாது என்பது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததில்லை. 1860இல் வந்த அன்ரி மூஓ என்ற பிரெஞ்சுக்காரர் அங்கோரைக் கண்டுபிடித்தார் என்று வெகுகாலம் புத்தகங்களில் எழுதினார்கள். அவர் வந்தபோது அங்கோர் வாட்டில் பிக்குகள் குடியிருந்தார்கள், வழிபாடு நடந்தது. பிற்பாடு ஆட்சிக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள், முன்முற்றத்தில் இருந்த பிக்குகளின் குடில்களைப் பார்வையை மறைக்கின்றன என்று அப்புறப்படுத்தினார்கள். காலியாக்கிவிட்டு, பாருங்கள் எவ்வளவு காலியாக இருக்கிறது என்று காட்டும் வித்தை அங்கிருந்து வந்தது.

சரி, அங்கோருக்கு உண்மையிலேயே கேடு செய்தவர்கள் என்ன ஆனார்கள்? ஆந்த்ரே மால்ரோ என்ற இளம் எழுத்தாளர் 1923இல் பந்தே ஸ்ரேய் கோயிலுக்குப் போய், தேவதைச் சிற்பங்களை அறுத்துப் பெட்டியில் அடைத்துக் கடத்தும்போது பிடிபட்டார். மூன்று வருடச் சிறை என்று தீர்ப்பு. அப்பீலில் அது குறைந்து, நிறுத்திவைக்கப்பட்டு, உள்ளே போகாமலே ஊர் போய்ச் சேர்ந்தார். 1959இல் பிரான்சின் கலாச்சார அமைச்சர்! கலாச்சாரத்தைக் கையால் தொட்டுத் தூக்கிப் பார்த்த அனுபவம் உள்ள அமைச்சர் உலகத்தில் வேறு எந்த நாட்டுக்கு வாய்த்தார்? அடுத்தது டக்ளஸ் லாச்ஃபோர்ட். பாங்காக்கில் இருந்த பிரிட்டிஷ் சேகரிப்பாளர். கம்போடியாவின் கெமர் சிலைகளைப் பற்றிப் பளபளப்பான புத்தகங்கள் போட்டவர், அருங்காட்சியகங்களுக்கு வள்ளல். 2008இல் கம்போடிய அரசே அவருக்கு விருது கொடுத்தது. கோயில்களில் கொள்ளைபோன சிலைகளுக்குப் பொய்ச் சரித்திரம் எழுதி விற்றார் என்று 2019இல் அமெரிக்காவில் குற்றப்பத்திரிகை வந்தது. 2020இல், விசாரணைக்கு முன்பே, இறந்துபோனார். அவர் கை பட்ட சிலைகளை வைத்திருந்த நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2023 டிசம்பரில் 14 சிற்பங்களைக் கம்போடியாவுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அறுத்தவனுக்கு மந்திரி பதவி, விற்றவனுக்கு விருது, வாங்கி வைத்திருந்தவனுக்குத் திருப்பித் தந்த பெருந்தன்மைக்காகக் கைதட்டல். நூடுல்ஸ் விற்றவளுக்கு 30 தகரம்.

நம் பங்குக்கு வருவோம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு வேறொரு சுமை உண்டு. போகும்போதே அங்கோர் வாட் தமிழன் கட்டியது என்று வாட்ஸ்அப்பில் படித்துவிட்டுப் போகிறார். சோழன் கட்டினான், பல்லவன் கட்டினான், சூரியவர்மனே மதுரைப் பக்கம், ஆளுக்கொரு பாட்டம். உண்மையான உறவுக்குப் பஞ்சமா? கெமர் எழுத்தின் வேர் பல்லவர் எழுத்தில் இருக்கிறது. காம்போஜ அரசன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. காம்போஜ அரசன் காட்டிய கல் ஒன்றை முதலாம் குலோத்துங்கன் சிதம்பரம் கோயிலில் வைத்த செய்தி 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இருக்கிறது. ஓர் அரசன் இன்னோர் அரசனுக்குப் பரிசு அனுப்பிய அழகான சரித்திரம். அது போதாது நமக்கு. கட்டியவனும் நாமாக இருக்க வேண்டும். குலேன் மலையடிவாரத்தில் கல் வெட்டி, வாய்க்காலிலும் ஆற்றிலும் இழுத்து வந்த கெமர் தொழிலாளியின் வியர்வையை ஒரு ஃபார்வர்டில் துடைத்துப்போட்டுவிட்டு, கைடிடம் போய் இது எங்கள் ஆள் கட்டியது தெரியுமா என்று கேட்கிறோம். அவர் தலையாட்டுகிறார். சீனர் வந்தாலும் தலையாட்டுவார், பிரெஞ்சுக்காரர் வந்தாலும் தலையாட்டுவார். மாலையில் டிப்ஸ் வர வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். பாரதம், ராமாயணம், பதினைந்து அரசர்களின் ஆண்டுக்கணக்கு அத்தனையும் பரீட்சை எழுதித் தேறி உரிமம் வாங்கியவர், தன் பாட்டன் கட்டிய கோயிலை நம் பாட்டனுக்குத் தானம் செய்துவிட்டு, படிக்கட்டில் கை கொடுத்து நம்மை இறக்கிவிடுகிறார்.

தா ப்ரோம் பாதையோரம், கண்ணிவெடியில் கால் போனவர்கள் வரிசையாக உட்கார்ந்து இசைக்கிறார்கள். செயற்கைக் கால்களைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் நடையின் வேகம் தானாகக் கூடுகிறது. தர்மசங்கடமாம்.

வேனில் ஏறியதும் கைடு கேட்பார், சார், ஏதாவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று. உன் ஊர் எது, உன் அம்மா வீடு இப்போது எங்கே இருக்கிறது, ரன் தா எக்குக்குப் போனவர்களில் உன் ஆட்கள் யாராவது உண்டா என்று கேட்கலாம். ஒரு நாள் முழுக்க நமக்காகவே காசு கொடுத்து வைத்த மனிதர், பதில் தெரிந்த மனிதர். நாம் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்கிறோம்: "கடைசிக் கோயிலை விட்டுவிட்டு நேராக ஓட்டலுக்குப் போனால் ஒரு பத்து டாலர் குறைத்துக்கொள்வீர்களா?"