இருபத்து நான்கு சொற்களின் சேமக் காப்பு: அரியலூர், பெரம்பலூர்ப் பிரதேசத்தை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

பிட்காயின் என்னும் நாணயம் 2009 ஜனவரியில் தோன்றியது என்பதும், அதன் மொத்தத் தொகை 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாது என்பதும் பலரும் அறிந்த விஷயங்கள். ஆயினும், கட்டைவிரல் பருமனுள்ள ஹார்டுவேர் வாலட்டை நகைகளோடு இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டு நிம்மதியாக உறங்கும் பெரம்பலூர்வாசிக்கு, அக்கருவியினுள் நாணயம் ஒன்றுகூட இல்லை, கையொப்பமிடும் திறவுகோல் மட்டுமே உண்டு, அதுவும் 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பொறுக்கிய 24 சொற்களாகக் காகிதத்தில் இருந்துவிட்டால் கருவி கிணற்றில் விழுந்தாலும் பாதகமில்லை என்னும் சாஸ்திரத்தை முதலில் உபதேசிக்க வேண்டியிருக்கிறது.

அழிந்ததை மீட்பது சாத்தியமா என்று சந்தேகிப்போருக்கு அரியலூர் ஜில்லாவே பிரத்தியட்சப் பிரமாணம். 2001-இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, 2002-இல் மீண்டும் அதனுள்ளேயே மறைந்து, 2007 நவம்பர் 23-இல் மறுபடியும் உதித்த ஜில்லா அது.

இச்சொற்களின் சத்துருக்கள் திருடன், தீ, கரையான், மழை எனப் பூர்வாசிரியர்கள் பட்டியலிடுவர். எமது அபிப்பிராயத்தில் இவர்கள் யாவரும் சில்லறைச் சத்துருக்களே. மார்கழியின் கடைசி நாளில், பரண்மேல் ஏறி, பழங்கணக்கு, கல்யாணப் பத்திரிகை, தேதி போன மருந்துச்சீட்டு ஆகியவற்றோடு, அர்த்தமற்ற ஆங்கிலச் சொற்கள் எழுதிய துண்டுச்சீட்டையும் வாரி வாசலில் போட்டுக் கொளுத்தும் போகிப் பண்டிகையே பரம சத்துரு. ஏனெனில் திருடனுக்காவது அச்சீட்டின் மதிப்புத் தெரிந்திருக்கக் கூடும். போகியே கொண்டாடாத வேல்ஸ் தேசத்து நியூபோர்ட் நகரில், 2013-இல் ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவரின் ஏறத்தாழ 8000 பிட்காயினுக்கான திறவுகோல் அடங்கிய ஹார்டு டிஸ்க், வீட்டைச் சுத்தம் செய்தபோது குப்பைமேட்டுக்குப் போயிற்று என்றால், கொண்டாடும் தேசத்தார் எவ்வளவு ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்!

சாத்தனூரில் மரமே கல்லாகிக் கிடக்கிறதே, காகிதம் நிலைக்காதா என்பாருக்கு விடை: அம்மரம் 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறியும்வரை, வீட்டைச் சுத்தம் செய்வோர் எவர் கையிலும் சிக்கவில்லை.

ஆகவே உலோகமே கதி. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட ராஜேந்திரன் இதனை நன்கறிந்தவன். ஆனைமங்கலச் செப்பேட்டின் 21 ஏடுகளையும் ஒரே வளையத்தில் கோத்துத் தன் முத்திரையிட்டான். வளையத்தின் சூட்சுமம் வரிசையில் இருக்கிறது: 24 சொற்களை மாற்றி மாற்றி அடுக்கும் வழிகளை எழுத 24 இலக்க எண் வேண்டும், அவற்றுள் சொத்தைத் திறப்பது ஒன்றே. (அச்செப்பேடு ஹாலந்து தேசத்து லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்ததையும் நோக்குக; உலோகம் அழியாதென்பது வேறு, நம்மிடமே இருக்குமென்பது வேறு.) எவர்சில்வர் தகட்டில், எழுத்து அச்சையும் சுத்தியலையும் கொண்டு, கதவைத் தாழிட்டுத் தானே பொறிப்பது உத்தமம். ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்துகள் போதும். அவ்வளவிலேயே சொல் இன்னதெனத் தெரியும்படி பட்டியல் அமைந்திருக்கிறது. வீட்டுத் தீக்கு அத்தகடு உருகாது; அரியலூர்ச் சிமெண்டு ஆலைச் சூளையின் 1450 டிகிரியில் மட்டும் அதனை வைக்கலாகாது.

பாத்திரக்கடையில் பெயர் வெட்டும் மெஷினாலேயே 24 டம்ளர்களில் சொல்லுக்கொரு டம்ளராகப் பொறித்து அடுக்களையில் பகிரங்கமாக வைக்கலாம், போகித் தீக்கு எவரும் டம்ளரை இரையாக்கார் என்று வாதிக்கும் ஒரு கட்சியும் உண்டாகக் கூடும். யுக்தி ரஸமானதே. ஆனால் கடைக்காரர் அனைத்தையும் படித்துவிடுவார் என்பது ஒருபுறமிருக்க, காதுகுத்து விசேஷத்துக்கென்று பக்கத்து வீட்டார் இரவல் கொண்டுபோன பதினேழாம் டம்ளர் வந்து சேரும்வரை சொத்து முழுவதும் முடங்கிக் கிடக்கும். வந்து சேர்வதும், 2048 சொற்களில் எதிலும் அடங்காத அவர்கள் பாட்டியின் இனிஷியல் வெட்டிய டம்ளராகவே இருக்கும்.