இரண்டு ஜான்களும் ஒரு மெஷினும்

ராக் பேண்டு என்றால் ஒரு டிரம்மர் வேண்டும். ஓட்டல் அறை டிவியை ஜன்னல் வழியே வீச இன்னொரு ஆள் வேண்டும். 'தே மைட் பி ஜயன்ட்ஸ்' இந்த இரண்டும் இல்லாமலே பிழைப்பைத் தொடங்கியது. ஜான் ஃபிளான்ஸ்பர்க் கிடார். ஜான் லின்னல், நம்பினால் நம்புங்கள், அக்கார்டியன். தாளத்துக்கு டிரம் மெஷின். அது சம்பளம் கேட்காது, குடித்துவிட்டு வராது.

1982இல் நியூயார்க்கின் புரூக்ளினில் கடை திறந்தார்கள். கொஞ்ச நாளில் லின்னலுக்கு மணிக்கட்டு முறிந்தது. ஃபிளான்ஸ்பர்க் வீட்டில் திருடன் புகுந்தான். கச்சேரிக்கு வழியில்லை. சும்மா இருப்பானேன் என்று, வீட்டு ஆன்சரிங் மெஷினில் பாட்டைப் பதிந்து வைத்து, டெலிபோன் நம்பரைப் பத்திரிகையில் விளம்பரம் செய்தார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்கலாம்; அடுத்தவருக்கு எங்கேஜ்டு டோன். ஆபீஸ் போனிலிருந்து அழைத்தால் இலவசம் என்று ஒரு கொசுறு வாசகம் வேறு. முதலாளிகளின் போன் பில்லில் வளர்ந்த ஒரே ராக் பேண்டு இதுவாகத்தான் இருக்கும்.

1986இல் வந்த முதல் ஆல்பத்தில் 19 பாட்டு. பெரும்பாலும் இரண்டே நிமிஷம். கேட்பவர் ரிசீவரை வைத்துவிடுவாரோ என்ற பயம் அவர்களை விட்டுப் போகவில்லை போலும்.

பிறகு எலெக்ட்ரா என்ற பெரிய கம்பெனி அழைத்தது. 1990இல் 'ஃபிளட்' ஆல்பம். பிரிட்டனின் பெரிய தயாரிப்பாளர்கள் இருவர் வந்து நாலே பாட்டைச் செய்து, பட்ஜெட்டின் பெரும்பகுதியைச் சாப்பிட்டார்கள். அதிலொன்றில் பாடுவது படுக்கையறை நைட் லேம்ப். பிரிட்டிஷ் ஜனங்கள் அதைப் பாட்டு விற்பனைப் பட்டியலில் ஆறாம் இடத்துக்கு ஏற்றினார்கள்!

1992இன் 'அப்போலோ 18'இல் 'ஃபிங்கர்டிப்ஸ்' என்று 21 துணுக்குகள். சிடி பிளேயரில் ஷஃபிள் போட்டால் மற்ற பாட்டுகளுக்கு நடுவே இவை தலைநீட்டும். சோறு போடாமல் 21 வகை ஊறுகாய் பரிமாறிய மாதிரி.

ஊரெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருந்த 1994இல் இவர்கள் மனிதர்களுக்கு மாறினார்கள். நிஜ டிரம்மரோடு முழு பேண்டு. ஆல்பத்தின் பெயர் 'ஜான் ஹென்றி': நீராவி இயந்திரத்தோடு போட்டி போட்டு, ஜெயித்து, ஜெயித்த கையோடு செத்தும் போனதாகக் கதை சொல்லும் ரயில்பாதைத் தொழிலாளி. இதைவிட மங்களகரமான பெயர் கிடைக்கவில்லை. பழைய ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். என் காதுக்கு டிரம்ஸில் உயிர் இருந்தது. வேடிக்கைக்குத்தான் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

அடுத்து இன்னும் பின்னால் போனார்கள். 1996 ஆல்பத்தின் ஒரு பாட்டை எடிசனின் பழைய ஆய்வுக்கூடத்தில், மின்சாரமே இல்லாமல், மெழுகு உருளையில் பதிந்தார்கள். தொண்டை கிழியக் கத்தினால்தான் பதியும். மூன்றே வருஷத்தில் எம்பி3யில் மட்டும் ஒரு முழு ஆல்பம்.

பிறகு குழந்தைகளுக்குப் பாடப் போனார்கள். 2009இன் 'ஹியர் கம்ஸ் சயன்ஸ்'இல், சூரியன் கொதிக்கும் வாயு என்று பாடம் நடத்தும் 1950களின் பழைய பாட்டு ஒன்று. அடுத்த பாட்டிலேயே, சூரியன் வாயு அல்ல, பிளாஸ்மா என்று பாடியே திருத்தம் போட்டுவிட்டார்கள். மற்ற பேண்டுகளும் இந்த வழக்கத்தைத் தொடங்கினால், காதல் பாட்டுகளின் திருத்தங்களுக்கே தனியாக ஒரு கம்பெனி வைக்க வேண்டியிருக்கும்.