கூழ் ஆறுவதற்குள்

பெறுநர்:
கப்பல் ‘விரைவில்’ புறப்படும் என்று அறிவிக்கும் அதிகாரம் படைத்த மேன்மைதங்கிய அலுவலர் அவர்கள்
(இக்கரையா அக்கரையா என்று எனக்குத் தெரியவில்லை, முத்திரைக் கட்டை யார் மேசையில் இருக்கிறதோ அவர்)

பொருள்: ஒரு பிளா கூழ் குடிக்கக் காங்கேசன்துறை போய், அன்றைக்கே வீடு திரும்புவது தொடர்பாக.

ஐயா அல்லது அம்மையீர்,

நான் நாகப்பட்டினம் வெளிப்பாளையத்துக்காரன். முப்பத்தாறு வருடம் தபால் ஆபீஸில் முத்திரை குத்திச் சாப்பிட்டவன். ஆகவே முத்திரையின் மகிமையும் தெரியும், குத்துகிற கையின் வலியும் தெரியும். இந்தக் கடிதத்தில் எங்காவது மரியாதை குறைந்திருந்தால் அதை வயதின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகன் கட்டியிருப்பது அக்கரையில், இலங்கையின் தெல்லிப்பழைப் பெண்ணை. கல்யாணத்துக்கு நாங்கள் போன வழியைக் கேளுங்கள். முந்நூறு கிலோமீட்டர் வடக்கே சென்னைக்குப் போய், அங்கே விமானம் ஏறி, போன தூரம் அத்தனையும் மறுபடி தெற்கே பறந்து பலாலியில் இறங்கினோம். வழியெல்லாம் என் மனைவி ஜன்னலை விட்டு நகரவில்லை. நம் ஊர் தெரிகிறதா என்று பார்க்கிறாளாக்கும் என்று நினைத்தேன். கேஸை மூடினோமா என்று யோசித்தாளாம்.

இத்தனைக்கும் நாகையிலிருந்து காங்கேசன்துறை ஏறத்தாழ 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர் சொச்சம். எங்களுக்குத் திருச்சி இதைவிடத் தூரம். இரண்டு நாட்டுக்கும் கடிகாரம்கூட ஒன்றுதான். 2006-இல் இலங்கை தன் நேரத்தை நம் நேரத்தோடு சேர்த்துக்கொண்டுவிட்டது. முள்ளைத் திருப்ப வேண்டிய சிரமம்கூட இல்லாத ஓர் அயல்நாடு வேறு எங்கே கிடைக்கும்?

2023-இல் கப்பல் வரப்போகிறது என்றதும் சம்பந்தியம்மா போன் செய்தார். “கப்பல் ஓடப்போகுதாமே. எப்ப வாறியள்? காலமை வந்து கூழ் குடிச்சிட்டுப் பின்னேரம் போகலாம்தானே?”

இதற்குத்தான் திட்டம் போட உட்கார்ந்தேன். எழுந்திருக்க இன்னும் முடியவில்லை.

முதலில் தேதி. அக்டோபர் 10 என்றீர்கள். பிறகு 12. கடைசியில் 14-ஆம் தேதி பிரதமர் காணொலியில் கொடியசைக்க, ‘செரியபாணி’ என்ற அதிவேகக் கப்பல் புறப்பட்டது. 20-ஆம் தேதியோடு நின்றது. காரணம் வடகிழக்குப் பருவமழை. இது ஏதோ முன்பின் தெரியாத விருந்தாளி மாதிரி வந்துவிட்டதாக நீங்கள் வருத்தப்பட்டிருக்கலாம். ஆனால் வருடா வருடம் அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான் அது இந்தக் கரைக்கு வருகிறது; தபாலைவிட ஒழுங்காக வரும், என் வாயாலேயே சொல்கிறேன். நாற்பது வருடம் காத்திருந்து ஒரு கப்பலை விட்டால், அதை ஐப்பசி வாசலில் கொண்டுவந்தா விடுவது? எங்கள் ஊர் அக்கரைப்பேட்டையில் எந்த மீனவரைக் கேட்டிருந்தாலும் பீடியை எடுக்காமலே சொல்லியிருப்பார். இன்னொன்று. அந்த அக்டோபர் 14 மகாளய அமாவாசை. நான் நாள் கிழமை பார்க்கிறவன் அல்ல. இருந்தாலும், முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நாளில் கப்பல் விட்டது யாருடைய யோசனை என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

அடுத்த வருடம் மே 13 என்றீர்கள். நான் சட்டை தைக்கக் கொடுத்தேன். தள்ளிப்போனது. ஆகஸ்ட் 16-இல் ‘சிவகங்கை’ என்ற வேறொரு கப்பல் புறப்பட்டது. மழை வந்ததும் அதுவும் ஓய்வெடுத்தது. எங்கள் வீட்டு நாள்காட்டியில் பென்சிலால் வட்டம் போட்டு அழித்து வட்டம் போட்டு, முருகர் படத்துக்குக் கீழே தாள் ஓட்டையாகிவிட்டது.

சரி, தேதி கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். 2023-இல் நீங்கள் தந்த அட்டவணைதான் என் திட்டத்துக்கு மூலம். காலை 7-க்கு நாகை, 11-க்குக் காங்கேசன்துறை. மதியம் 1.30-க்கு அங்கிருந்து புறப்பாடு, 5.30-க்கு நாகை. ஆக, கரையில் எனக்கு 150 நிமிடம். நோட்டில் கட்டம் கட்டி எழுதினேன், உங்கள் மேல் கொஞ்சம் கருணையோடுதான். கடவுச்சீட்டு வரிசை 40 நிமிடம். சுங்கத்தில் பையைப் பிரித்து, அது முறுக்குதான் என்று நிரூபித்து, மறுபடி கட்ட 10. தெல்லிப்பழை ஐந்தாறு கிலோமீட்டர். ஆட்டோவில் போக 15, வர 15. திரும்பும்போது கப்பலடியில் மறுபடி வரிசைக்கு 30. மிச்சம் 40 நிமிடம்.

ஒடியல் கூழ் நீங்கள் குடித்திருக்கிறீர்களோ என்னவோ. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவு, அதில் மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை, பயத்தங்காய், மரவள்ளி. அடுப்பிலிருந்து இறக்கினால் பாதாளத்திலிருந்து குமிழி விடும். பனையோலையை மடித்துப் பிளா என்று ஒன்று செய்து அதில் ஊற்றித் தருவார்கள். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, ஊதி ஊதி, ஊர்க்கதை பேசிக் குடிக்க வேண்டிய பொருள். முதல் பிளா வாய்க்குப் பக்கத்தில் வரவே இருபது நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் நாக்கு போச்சு. ஆறட்டும் என்றால் கப்பல் போச்சு.

கட்டணத்தையும் அந்தக் கட்டத்தில் எழுதினேன். அப்போது அறிவித்தது 6,500 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., மொத்தம் 7,670. வர அதே கணக்கு என்று வைத்தால் இரண்டு பேருக்குப் போய்வர 30,680. நாற்பதால் வகுத்துப் பாருங்கள்: நிமிடத்துக்கு 767 ரூபாய். பிறகு கட்டணம் குறைந்தது, இல்லையென்று சொல்லவில்லை. என்றாலும் இந்த விலையில் கூழை ஊதுவதற்கு என் மனைவிக்கு மனசு வரவில்லை. “ஏங்க, நீங்க மட்டும் போய்க் குடிச்சிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க” என்கிறாள்.

அடுத்தது அனுமதி. மின்னணுப் பயண அனுமதி என்று ஒன்று வாங்க வேண்டும். அதில் 30 நாள் தங்கலாம் என்று தாராளமாகத் தருகிறார்கள். எனக்கு வேண்டியது இரண்டரை மணி நேரம்; அதற்குத்தான் கட்டம் இல்லை. எத்தனை நாள் தங்கல் என்ற இடத்தில் சைபர் போட்டால் சந்தேகப்படுவார்களா? வருகையின் நோக்கம்: சுற்றுலா, வியாபாரம், உறவினரைப் பார்த்தல். கூழ் இதில் எதில் அடங்கும்?

எங்கள் பக்கத்தில் கடல் தாண்டுவது புதிய பழக்கம் அல்ல என்பதைப் பணிவோடு நினைவுபடுத்துகிறேன். 1914-இலிருந்து எழும்பூரில் ஒரு டிக்கெட் வாங்கினால் போதும். ரயில் தனுஷ்கோடி, அங்கே கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில், கொழும்பு. போட் மெயில் என்றார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோனது. அதற்குப் பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து எண்பதுகள் வரை கப்பல் ஓடியது. அது பொற்காலம் என்று புளகாங்கிதப்பட மாட்டேன்; தோட்டத்துக்குப் போன கூலி ஜனங்களை மண்டபம் முகாமில் அடைத்துச் சோதித்துத்தான் அனுப்பினார்கள். இருந்தாலும் புறப்படும் தேதி என்று ஒன்று இருந்தது.

அதற்கும் முன்னால், 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். போட்டி தாங்காத வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்து, அப்புறம் காசே வேண்டாம் என்று ஏற்றி, கையில் குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். கொடுத்த நோக்கம் கெட்ட நோக்கம்தான். ஆனால் பயணியை நனையாமல் கொண்டுபோக வேண்டும் என்று அவர்களுக்காவது தோன்றியிருக்கிறது. ஐப்பசியில்தான் கப்பல் விடுவோம் என்று நீங்கள் உறுதியாக இருந்தால், அந்தக் குடைத் திட்டத்தைப் பரிசீலிக்கலாம்.

“ராத்திரி விசைப்படகு போகிறதே, அதில் ஏறிப் போயிட்டு வா” என்று டீக்கடையில் கேலி செய்கிறார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் படகுகளின் இழுவலை கிழித்த தங்கள் வலைகளைப் பற்றி அக்கரை மயிலிட்டி மீனவர் ஒருவர் கல்யாண வீட்டிலேயே என்னிடம் விவரமாகச் சொன்னார். பந்தியில் என் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

காங்கேசன்துறை என்ற பெயருக்கே, மாவிட்டபுரம் கோயிலுக்குக் காங்கேயன், அதாவது முருகன், சிலையாக வந்து இறங்கிய துறை என்று கதை சொல்கிறார்கள். அவரை எவ்வளவு நேரம் வரிசையில் நிறுத்தினார்கள் என்று தலபுராணத்தில் இல்லை. மணிமேகலையைப் புகாரிலிருந்து மணிபல்லவத்துக்குத் தூக்கிக்கொண்டுபோன கடல் தெய்வமும், ‘நிர்வாகக் காரணங்களால்’ என்று எந்த அறிவிப்பும் ஒட்டவில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். அடுத்த அட்டவணை போடும்போது, அக்கரையில் ஒரு சம்பந்தி வீடாவது உள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். காலை வருகைக்கும் மதியப் புறப்பாட்டுக்கும் நடுவே இன்னும் இரண்டு மணி நேரம் விடுவது கடல் விஞ்ஞானமா, கையெழுத்து விஷயமா என்று அவர் சொல்லுவார். இருட்டில் கப்பல் ஓட்ட முடியாது என்பீர்களானால், தங்கி மறுநாள் திரும்பும் கப்பலில் சீட்டு உண்டு என்று எழுத்தில் கொடுங்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு வருகிறோம்.

சம்பந்தியம்மா போரினால் 1990-இல் தெல்லிப்பழை வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பியவர். காணி ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. திரும்பிவந்து பார்த்தபோது கிணறும் ஒரு சுவரும்தான் மிச்சம். அந்தச் சுவரோடு சேர்த்துத்தான் இப்போதைய குசினியைக் கட்டியிருக்கிறார். காத்திருப்பதில் எனக்கும் உங்களுக்கும் அவர் பாட்டி. என்றாலும் நேற்றுப் போனில், கோபமே இல்லாமல், கணக்குக்காக மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்:

“அப்ப எத்தினை மணிக்கு அடுப்பு மூட்டுறது?”

தயவுசெய்து இதற்கு ஒரு பதில். தபாலிலேயே அனுப்பலாம்.

இப்படிக்கு,
நாள்காட்டியை ஓட்டையாக்கிய நாகைக்காரன்

இணைப்பு: கட்டம் கட்டிய நோட்டுத்தாள் ஒன்று. தேதி எழுதும் இடம் காலியாக விடப்பட்டுள்ளது.