வேலியோரத்துச் சந்தனம்

கேள்வி: காட்டைக் காக்கப் புதுப்புதுச் சட்டம் போடுகிறார்களே, ஜனங்கள் அதற்கேற்ப மாறுகிறார்களா?
- திருப்பத்தூர் வாசகர்

பதில்: மாறாமல் என்ன! சட்டம் எழுதியவர் நினைத்த மாதிரி மாறுவதில்லை, அவ்வளவுதான். உங்கள் பக்கத்துச் சந்தனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1792-ல் திப்பு சுல்தான் அதை ராஜமரம் என்று அறிவித்தார். ராஜா போனார், மரம் சர்க்காருக்கே என்ற வழக்கம் போகவில்லை. பட்டா நிலத்தில் முளைத்தாலும் மரம் உங்களுடையது இல்லை. திருடன் வெட்டிக்கொண்டு போனால் விசாரணை மட்டும் உங்கள் வீட்டுத் திண்ணையில். குருவி பழத்தைத் தின்று வேலியோரம் விதையைப் போட்டுவிட்டுப் போகும். நாலு இலை விட்டதும் சம்சாரி அக்கம்பக்கம் பார்ப்பார். இரண்டு விரலால் பிடித்து ஒரே இழுப்பு. நேரே குப்பைக்குழி. மரத்தைக் காப்பாற்ற வந்த சட்டம் கன்றுக்கு எமனானது.

2001-ல் கர்நாடகமும் 2002-ல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, நிலம் யாருடையதோ மரமும் அவருடையதே என்றன. (மூங்கிலை மரம் என்று 1927-ல் எழுதிவைத்துவிட்டு, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரமில்லை என்று சொல்ல 2017 வரை எடுத்துக்கொண்ட நாட்டில் இது வேகம்தான்.) இப்போது அதே சம்சாரி நர்சரியில் காசு கொடுத்துக் கன்று வாங்குகிறார். சந்தனம் பக்கத்துச் செடியின் வேரை உறிஞ்சி வளரும் ஜாதி என்பதால் துவரையையும் சேர்த்து நடுகிறார். வெட்டுவதற்கு மட்டும் இன்னும் வனத்துறை அனுமதி வேண்டும். வைரம் பாய 15, 20 வருஷமாவது ஆகும். மனுவை இப்போதே எழுத ஆரம்பிக்கலாம்.